தாலி கட்டும் இடத்தில் நின்ற படம்

அழித்தாள்தான். வேதா கையால்தான் அந்த மஞ்சள் குங்குமம் அழிந்தது. இல்லை என்று இங்கே யார் சாதித்தார்கள்? ஆனால் எதிலிருந்து அழித்தாள், எதற்காக அழித்தாள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? பாதியைக் குழாயடியில் கொட்டிவிட்டு மீதியை வாய்க்குள் அடக்கிக்கொண்டால் அது நியாயமா? முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் பேசட்டும்.

வேதாவின் புருஷன் முருகவேல் அடி அண்ணாமலையில் கல்யாணங்களுக்கு வீடியோ எடுத்தவர். நெஞ்சுவலி வந்து அவர் போனபோது அவளுக்கு முப்பத்தாறு வயசு. கேமராவை அவருடைய கூட்டாளி கலையரசன் எடுத்துக்கொண்டான். கம்ப்யூட்டர் வேதாவிடம் இருந்தது. அவன் எடுத்து வருவதை வெட்டி ஒட்டி டிஸ்க்கில் பதிந்து கொடுப்பது அவள் வேலை. தாலியறுத்தவள் மணவறைப் பக்கம் வரக்கூடாது என்பார்கள், அவளும் போனதில்லை. நூறு தாலி பார்த்தாள் என்றால் அத்தனையும் திரையில்தான்.

வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. கம்மி வேகத்தில், ஆற அமரப் பதிவாள். பதிந்ததைக் கடைசியில் மூடிவிட வேண்டும். மூடாத டிஸ்க் கம்ப்யூட்டரில் ஓடும், வீட்டுப் பிளேயரில் ஓடாது. அதையும் மறக்காமல் செய்து, தன் பழைய பிளேயரில் கடைசிவரை ஓட்டிப் பார்த்த பிறகுதான் கொடுப்பாள்.

அந்தத் தை மாசம் புதுசாக ஒரு பிரிண்டர் வாங்கினாள். அதுவரை டிஸ்க்கின் மேல் பேனாவால் பேர் எழுதிக் கொடுத்தவள், இப்போது பொண்ணு மாப்பிள்ளை படத்தையே அச்சடித்துக் கொடுத்தாள். எல்லோருக்கும் சந்தோஷம். வினை அதில்தான் உட்கார்ந்திருந்தது, யாருக்குத் தெரியும்?

முதல் புகார் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்தது. "தாலி கட்டற இடத்துல படம் நின்னுபோச்சும்மா. மாப்ள மூஞ்சி கட்டங்கட்டமா ஒடையுது." வேறு டிஸ்க் அனுப்பினாள். அதுவும் அங்கேயே நின்றது. பத்து நாளில் இன்னொரு வீடு. அப்புறம் அவள் தெருவிலேயே, நாலு வீடு தள்ளி, மணியம்மாள் வீடு. மகன் விமல்ராஜ் இரண்டு கையாலும் தாலியைத் தூக்குவான், மருமகள் ஆர்த்தி தலை குனிவாள், கெட்டிமேளம் விக்கிவிக்கி நிற்கும். தூக்கின கை தூக்கினபடியே இருக்கும்.

வேதா என்ன செய்யவில்லை? வேறு கம்பெனி டிஸ்க் வாங்கினாள். வேகத்தை இன்னும் குறைத்தாள். மை ஒத்துக்கொள்ளவில்லையோ என்று பிரிண்டரைச் சந்தேகப்பட்டாள். பிளேயரைச் சுத்தம் பண்ணச் சொன்னாள். அவள் வீட்டில் ஓடுவது அந்த வீடுகளில் மட்டும் நின்றது. "நின்னுபோனதைக் கொண்டாங்க, பாக்கறேன்" என்றால், "சாமிகிட்ட வெச்ச கல்யாண டிஸ்க்க வெளிய குடுக்கறதா? இன்னா பேச்சு இது?" என்று மூன்று வீட்டிலும் ஒரே பதில்.

"அவ கைபட்ட தாலி. முடிச்சு எப்படி வுழும்?" என்று யாரோ சிரித்தார்கள். வைகாசியில் செங்கம் ரோட்டில் விமல்ராஜின் வண்டி லாரிக்கு அடியில் போனது. அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. அவள் நடந்தால் கதவுகள் மூடின.

நாலாம் நாள் காலையில் மணியம்மாளே வந்து நின்றாள். தலை வாரவில்லை. நினைவில்லாமல் கிடந்த மகனோடு ஆஸ்பத்திரியில் ஒரு ஆள்தான் இருக்கலாம் என்று புருஷன் சின்னசாமியை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"அது ஓடணும்டி வேதா. அந்த முடிச்சு வுழணும். வுழுந்தா எம்புள்ள எழுந்துடுவான்."

இது ஓடாவிட்டால் இந்தத் தெருவில் தனக்கு இடமில்லை என்பது வேதாவுக்குப் புரிந்தது. புது டிஸ்க் பதிந்து, தன் பிளேயரையும் தூக்கிக்கொண்டு போனாள். ஆர்த்தி மடியில் போனை வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மணியம்மாள் டிஸ்க்கை வாங்கிச் சாமி அலமாரிக்குப் போனாள். மஞ்சளைக் குழைத்தாள். டிஸ்க்கைத் திருப்பி, பளபளக்கும் அடிப்பக்கத்தின் ஓரத்தில் கட்டைவிரலால் அழுத்தி, அதன்மேல் குங்குமம் வைத்தாள்.

"அத்தே! இன்னா பண்றீங்க?" என்றாள் வேதா.

"எது புதுசா வந்தாலும் வெக்கறதுதானே. வண்டிக்கு வெக்கல? பீரோவுக்கு வெக்கல?"

"மேல வெக்க வேண்டியதுதானே? அடியில ஏன்?"

"மேல புள்ளைங்க படம் இருக்கே. உசுரோட இருக்கறவங்க படத்துல எவளாவது பொட்டு வெப்பாளா?"

வேதாவுக்கு விளங்கிவிட்டது. பேர் எழுதின காலத்தில் பொட்டு மேலே போனது. படம் வந்ததும் அடிக்குப் போய்விட்டது. டிஸ்க் நடுவிலிருந்து ஓரத்துக்குப் படிக்கும். தாலி வருவது கடைசியில், அந்த ஓரத்தில். அங்கேதான் மஞ்சள் காய்ந்து மறைக்கிறது. மூன்று வீட்டு வினையும் ஒரு கட்டைவிரல் அகலம்தான்!

"குடுங்க அத்தே" என்று வாங்கி, ஈரத்துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்துப் போட்டாள். படம் ஓடியது. விமல்ராஜ் தாலியைத் தூக்கினான். தலை குனிந்தது. முடிச்சு விழுந்தது. மணியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆர்த்தியின் கை தானாகக் கழுத்துக்குப் போனது.

அப்போதுதான் அவள் மடியில் போன் அடித்தது. சின்னசாமி. அழுதார்.

மணியம்மாள் போனைப் பார்க்கவில்லை. வேதாவின் கையில் இருந்த துணியைப் பார்த்தாள். மஞ்சளும் சிவப்புமாக இருந்தது.

"அழிச்சிட்டியேடி! எம்புள்ள பொட்ட அழிச்சிட்டியேடி பாவி!"

உயிர் போனது பத்தரைக்கு என்று ஆஸ்பத்திரிச் சீட்டிலேயே இருக்கிறது. வேதா துணியைத் தொட்டபோது மணி பதினொன்று. சீட்டை யார் பார்த்தார்கள்? துணியைத்தான் பார்த்தார்கள்.

அடுத்த வாரம் அவள் வாசலில் ஒரு டிஸ்க் கிடந்தது, இரண்டாக உடைந்து. மறுநாள் இரண்டு. வெளியே கொடுக்கவே மாட்டோம் என்றவர்கள் கொண்டுவந்து வீசியது. ஓரத்தில் பொட்டு காய்ந்து அப்படியே இருந்தது. "பாருங்க, இதான் காரணம்" என்று ஒன்றை எடுத்துக் காட்டினாள். வீசியவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். கலையரசனும் வேலையை டவுனில் வேறு ஆளிடம் கொடுத்துவிட்டான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மூன்றாவது காலை, வேதா ஒரு பையோடு கிளம்பினாள். தோட்டத்துப் பக்கமாக ஆர்த்தி வந்து நின்றாள். நெற்றி வெறுமையாக இருந்தது.

"அக்கா, அத்த அந்த டிஸ்க்க எரிச்சிட்டாங்க. இன்னொண்ணு இருக்கா?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். "தொடச்சா நடுவுல இருந்து ஓரத்துக்குத் தொடம்மா. சுத்திச் சுத்தித் தொடைக்காத, கீறிப்புடும்."

ஆர்த்தி டிஸ்க்கின் மேல் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இனிமே பொட்ட மேலயே வெக்கலாம் இல்லக்கா?" என்றாள். தன் படத்தின்மேல் விரலை வைத்து, "பக்கத்துல நானும் இருக்கேனே" என்றாள்.

வேதா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். வாசலில் அன்றைக்கு வந்து விழுந்திருந்த டிஸ்க்கை மிதிக்காமல் தாண்டி, வெளியே நடந்தாள்.