துடைத்தே பழகிய கை

மலர்கொடி உலகத்தைப் படித்தது சாமான்களின் அடிப்பாகத்தில். மந்தாரக்குப்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், சென்னையில் இரண்டு பை நிறையச் சாமான் வாங்கிவந்து பக்கத்துச் சுரங்க டவுன்ஷிப்பில் பிளாக் பிளாக்காக ஏறி இறங்கினாள். "ஜப்பானுங்க" என்றால் போதும், குவார்ட்டர்ஸ் கதவு திறந்துவிடும். பிறகு கொரியா வந்தது. அதைத் துரத்திக்கொண்டு சைனா வந்தது, வந்தது போகவேயில்லை. ஆனால் சைனா என்றால் பாதி விலைக்குக் கேட்பார்கள். அதனால் சரக்கு வந்த அன்றே, நகப்பூச்சு அழிக்கும் திரவமும் பழந்துணியுமாக உட்கார்ந்து அடியிலுள்ள 'மேட் இன் சைனா' எழுத்தை அழித்துவிடுவாள். கேட்டால் ஜப்பான். இருபது வருஷம் இப்படியே ஓடி, சொந்தமாக ஒரு கடையும் வந்துவிட்டது.

போன வாரம் லேடீஸ் கிளப் விஜயலட்சுமி, ஆண்டு விழாவுக்கு நூற்றிருபது ஸ்டீல் பிளாஸ்க் கேட்டார். "இந்தியாவுல செஞ்சதா இருக்கணும் மலர். அடியில அச்சடிச்சிருக்கணும்."

அவ்வளவு பெரிய ஆர்டரை அவள் கண்டதேயில்லை. அலைந்து திரிந்து அப்படியே சரக்குப் பிடித்தாள். அது வந்து இறங்கிய சாயங்காலம் பெட்டிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சீரியல் பார்க்க உட்கார்ந்தாள். மைன்ஸில் ஷிப்ட் முடிந்து வந்த கணவர் நல்லசாமி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னாடி பண்ணிக்கினு இருக்க?"

மலர்கொடி கையிலிருந்த துணியைப் பார்த்தாள். நூற்றிருபது பிளாஸ்க்கின் அடியும் எழுத்தே இல்லாமல் பளபளத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நடுவில் கொஞ்சம் அழுகையும் வந்தது.

மறுநாள் கடைக்கு வந்த விஜயலட்சுமி ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தார். "எழுத்தையே காணோம். சைனாவா?"

"இந்தியாதாங்க மேடம். நான்தான் ஞாபகமில்லாம அழிச்சிட்டேன்."

"இந்தியான்னு இருக்கிறத எவளாவது அழிப்பாளா?"

சைனா வந்ததிலிருந்து நாட்டைச் சரியாகச் சொன்னது இப்போதுதான், நம்ப ஆளில்லை. ஆர்டர் போனது போனதுதான் என்று வாயைத் திறந்தாள். "கைப்பழக்கம் மேடம். உங்க வூட்டு ஜப்பான் டார்ச்சும் நான் அழிச்சதுதாங்க."

விஜயலட்சுமி மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார். "பதினோரு வருஷமா வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் காட்டிக்கிட்டிருக்கேன்."

"எல்லாரும் அப்படித்தாங்க காட்டிக்கினு இருக்காங்க."

"அப்போ எதிர்வீட்டு அமிர்தம் பீத்திக்கிற ரைஸ் குக்கர்?"

"அதுவுந்தாங்க."

விஜயலட்சுமியின் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆனது. இப்படி ஒரு உண்மையைச் சொல்கிறவள் பிளாஸ்க்குக்காகப் பொய் சொல்லமாட்டாள் என்று பட்டிருக்க வேண்டும். "கம்பெனியில கேட்டு ஸ்டிக்கர் வாங்கி ஒட்டி அனுப்பு. ஆனா நீ ஒட்டாதே. உன் வீட்டுக்காரர ஒட்டச் சொல்லு."