சரிந்த மரத்துக்கு ஒரு யன்னல்

இடது பெருவிரல் ஈயப் பட்டியின் வாயை விரித்துப் பிடித்தது. வலது கை சாய்சதுரமாக வெட்டிய கண்ணாடித் துண்டை அதற்குள் செருகி, சுத்தியலின் மரப்பிடியால் ஓரத்தை மெல்லத் தட்டியது. துண்டு இறுகியதும் பலகையில் ஓர் ஆணி அடித்து அணை கொடுத்தது. பிறகு அடுத்த துண்டு. அவசரம் என்பதே அந்தக் கைகளுக்குத் தெரியாது போலிருந்தது.

கைகளுக்குச் சொந்தக்காரி தக்சாயினி. பிராங்பேர்ட்டில் தேவாலய யன்னல்களைத் திருத்தும் பட்டறைக்குக் கூட்டித் துடைக்க வந்தவள், பார்த்துப் பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டாள். அளவெடுப்பதிலிருந்து பூட்டுவது வரை முழுப் பொறுப்பும் அவளிடம் வந்த முதல் யன்னல் இது.

அது தவுனுஸ் மலையடிவாரத்தில், ஊரார் 'இங்கிலீஷ் வீடு' என்று சொல்லும் மாளிகைக்குப் போகவேண்டியது. நூறு வருடங்களுக்கு முன் ஒரு வங்கிக்காரர் தன் ஆங்கிலேய மனைவிக்காக, இங்கிலாந்தின் பழைய டியூடர் அரசர் காலத்து நாட்டுப்புற மாளிகைகளைப் பார்த்துக் கட்டியது. கறுத்த மரச்சட்டங்களுக்கிடையே வெள்ளைச் சுவர், முறுக்கிவிட்டாற்போன்ற செங்கல் புகைபோக்கிகள், முன்னுக்குத் தள்ளிநிற்கும் யன்னல் மாடம் எல்லாம் அதில் உண்டு. டியூடர் காலத்தில் பெரிய கண்ணாடி செய்வது பெரும்பாடு என்பதால் சின்னத் துண்டுகளை ஈயத்தால் கோத்தார்கள். வங்கிக்காரரின் காலத்திலோ ஆளுயரக் கண்ணாடி கடையில் கிடைத்தது. அப்படியிருந்தும் அவர் சின்னத் துண்டுகளைத்தான் தேடி வாங்கினார். தக்சாயினிக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது.

போர்க்காலத்தில் ஆஸ்பத்திரியாகவும் பிறகு அலுவலகமாகவும் இருந்து, பூட்டிக் கிடந்த வீட்டை இப்போது ஊர் நூலகம் ஆக்குகிறார்கள். ஊர்ச் சங்கம் ஒரு நிபந்தனை போட்டிருந்தது: வீட்டைச் சுற்றிக் கட்டிய சாரம் வெள்ளிக்கிழமை இறங்கும். அதற்குள் ஈய யன்னல் ஏறாவிட்டால், தொழிற்சாலையில் செய்த ஒற்றைக் கண்ணாடி அங்கே ஏறும்.

திங்கட்கிழமை சாரத்தில் நின்று யன்னலைத் தூக்கி வைத்தபோது அது பொருந்தவில்லை. கீழே அமர்ந்தது, மேலே ஒரு பக்கம் இடித்து மறுபக்கம் விரல் போகுமளவு வெளி விழுந்தது.

"என்னக்கா இது, கேப் விழுதே?" என்றாள் நிருபமா. வேலையை மேற்பார்வையிடும் கட்டடக் கலைஞர், கோயம்புத்தூர்க்காரி.

தக்சாயினி மரச்சட்டத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். அவளுக்கு முகம் சுண்டிப்போனது.

"பிழை என்னில. அகலம், உயரம் எடுத்தனான். மூலைக்கு மூலை எடுக்கேல்லை. இப்பிடி வீடுகளில செங்கல் சுவருக்கு மேல சும்மா பலகைதான் அடிச்சிருப்பினம். பின்பக்கம் அப்பிடித்தான் கிடந்தது. செங்கல் சரியாதுதானே எண்டு நினைச்சிட்டன். முன்மாடத்துக்கு மட்டும் அந்த மனுசன் உண்மையான ஓக் மரச் சட்டம் போட்டிருக்கிறார். அது காய்ஞ்சு தன்ர பாட்டுக்குச் சரிஞ்சிட்டுது."

"அதுக்கென்ன? ஓரத்த மட்டும் சீவி மாட்டிடலாம். யாருக்குத் தெரியப் போகுது?"

"இதுக்குக் கீழ இருந்து வாசிக்கிற ஆளுக்குத் தெரியும். ஒரு பக்கம் முழுத்துண்டு, மற்றப் பக்கம் பல்லுக்குத்துற குச்சி மாதிரி. ஏலாது. முழுக்கக் கழட்டித் திரும்பக் கோக்கப் போறன்."

"வெள்ளிக்கிழமைக்குள்ளயா? விளையாடறீங்களா?"

"சாரக்காரரோட கதையுங்கோ. பின்பக்கத்தில தொடங்கட்டும். முன்பக்கம் கடைசியாக் கழட்டினாப் போதும்."

"நான் பேசற ஜெர்மனைக் கேட்டா சாரம் தானாவே இறங்கி ஓடிடும்க்கா."

"கேக் வாங்கிக்கொண்டு போங்கோ. ஜெர்மனைக் கேக் பாத்துக்கொள்ளும்."

நிருபமா சிரித்துக்கொண்டே இறங்கினாள். தக்சாயினி யன்னல் வரும் வெளியில் காகித மட்டையை வைத்து, மரம் சரிந்த சரிவை அப்படியே வெட்டியெடுத்தாள்.

பட்டறையில் ஈயப் பட்டிகளின் பற்றவைத்த மூட்டுகளை உருக்கிப் பிரித்து, துண்டுகளை மட்டையின் மேல் பரப்பினாள். சிலவற்றைச் சீவினாள், பலவற்றைப் புதிதாக வெட்டினாள். எல்லாச் சாய்சதுரமும் ஒரே பக்கம் மயிரிழை சாயவேண்டும். நேராக வைக்கவே பழகிய கை ஒவ்வொரு தடவையும் முரண்டு பிடித்தது. இரண்டு துண்டுகளை விரல் தன்னையறியாமல் நிமிர்த்திவிட, திரும்பக் கழற்றினாள். கடைசியில் பற்றவைத்து, ஈயத்தின் அடியில் பசையைத் தேய்த்து அடைத்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பின்பக்கச் சாரம் முழுதும் கீழே கிடந்தது. முன்பக்கத்துச் சாரக்காரர்கள் கேக்கை முடித்துவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். யன்னல் ஒரே தள்ளில் உட்கார்ந்தது. தக்சாயினி தெருவுக்கு இறங்கிப் போய்த் திரும்பிப் பார்த்தாள். மரம் சாய்ந்த பக்கமே கண்ணாடியும் சாய்ந்திருந்தது. பார்வைக்கு எல்லாம் நேராக இருந்தது.

மேலே வந்து, தூசியைத் துடைத்து, நிருபமாவுக்கு இடம் விட்டு விலகினாள்.

"தட்டிப் பாக்கலாமா?"

"தட்டுங்கோ."

நிருபமா விரல் முட்டியால் நாலைந்து இடத்தில் தட்டினாள். ஒரு துண்டும் கிலுங்கவில்லை.

"சரிக்கா. ஏத்துக்கிட்டேன்," என்றாள்.