‘யூ’ என்றால் யார்

ஆஸ்பத்திரியிலிருந்து என் கணவரைக் குவார்ட்டர்ஸுக்குக் கூட்டி வந்த முதல் வாரத்தில் ஒரு மத்தியானம், கட்டிலில் சாய்ந்திருந்தவர் என்னைப் பார்த்து, "யூ வாட்டர்" என்றார்.

"நான் இப்பதாங்க குடிச்சேன்" என்றேன்.

"யூ வாட்டர். யூ வாட்டர்."

இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டினார். தாகம் அவருக்குத்தான் என்று எனக்கு உறைப்பதற்குள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தம்ளரை நீட்டியதும் வாங்கிக் குடித்துவிட்டு, "தேங்க் யூ" என்றார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் எனக்கு நன்றி சொன்னதில்லை. நானும் எதிர்பார்த்ததில்லை. எங்கள் பக்கத்தில் புருஷன் பெண்டாட்டிக்குள் யாரும் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. ஸ்ட்ரோக் வந்த பிறகு ஒவ்வொரு தம்ளருக்கும், ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு தேங்க் யூ வந்தது. சாயங்காலத்துக்குள் அந்தச் சொல்லே எனக்கு அலுத்துப்போகும்.

அவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அதோடு தமிழும் போயிருந்தது. நாங்கள் பேசுவதெல்லாம் அவருக்கு நன்றாகவே புரிந்தது. சொன்னால் திரும்புவார், கேட்டால் தலையாட்டுவார். ஆனால் வாயைத் திறந்தால் வந்ததெல்லாம் இங்கிலீஷ், அதுவும் துண்டு துண்டாக. சிலருக்கு இப்படி ஆவதுண்டு, ஒரு பாஷை போய் இன்னொன்று கொஞ்சம் மிஞ்சும் என்று டாக்டர் சொன்னார்.

அவர் வேலை பார்த்தது அனல் மின்நிலையத்தின் கன்ட்ரோல் ரூமில். ஷிஃப்ட் முழுக்க போனும் திரையும்தான். மறுமுனையில் பேசுபவர் எந்த ஊர்க்காரராகவும் இருக்கலாம் என்பதால் அங்கே எல்லாம் இங்கிலீஷிலேயே நடக்கும். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியதும் அந்தப் பேச்சும் கழன்றுவிடும். நான் வடலூரில் தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ வரை படித்தவள். மருந்துச் சீட்டையும் கரன்ட் பில்லையும் படிப்பேன், அவ்வளவுதான். அவருடைய ஆபீஸ் இங்கிலீஷோடு குடும்பம் நடத்த வேண்டி வரும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

பழகப் பழக அந்தப் பேச்சுக்கும் ஒரு வழக்கம் இருப்பது தெரிந்தது. அவர் சொல்லும் வினையெல்லாம் மொட்டையாக இருக்கும். கோ, கம், ஹோல்ட், செக். ஹோல்ட் என்றால் தன்னைப் பிடித்து நிறுத்து என்று அர்த்தம். கம்மிங் என்று ஒன்று மட்டும் நீண்டு வந்தால் பாத்ரூமுக்கு உடனே போக வேண்டும். நேற்று, நாளை என்ற வித்தியாசம் கிடையாது. "டாட்டர் கம்" என்பார். பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் வந்துவிட்டுப் போனதைச் சொல்கிறாரா, எப்போது வருவாள் என்று கேட்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆளைக் குறிக்கும் சொற்கள் அதைவிட மோசம். எதற்கெடுத்தாலும் யூ, இல்லாவிட்டால் ஹீ. ஐ மட்டும் வரவே இல்லை. எனக்கு அப்போது அது தெரியவில்லை. எப்போதும் என்னைத்தான் ஏதோ சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு பாதி நாள் அவரோடு மல்லுக்கட்டினேன்.

மேல்பட்டாம்பாக்கத்தில் கட்டிக்கொடுத்த என் நாத்தனார், அவருக்கு ஒரே தங்கை, நான் ஒண்டியாகத் திண்டாடுவதைக் கேட்டு ஒரு மாதம் கூட இருக்கிறேன் என்று துணிப்பையோடு வந்து இறங்கினாள். வந்த அன்று எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லி முடியாது. உட்கார்ந்து சாப்பிட்டேன். குளித்துவிட்டு நிதானமாகத் தலை துவட்டினேன்.

மறுநாள் காலையில் அவள் அவருக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "யூ கோ" என்றார்.

அவள் கை நின்றது.

"யூ கோ. ப்ளீஸ். யூ கோ."

அந்த இரண்டு சொல்லுக்கு அர்த்தம் தெரிய பெரிய படிப்பு வேண்டியதில்லை. தட்டை வைத்துவிட்டு சமையலறைக்கு வந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அண்ணி, அண்ணன் என்னைப் போ போன்னு சொல்லிக்கினே இருக்குது. நான் வந்தது புடிக்கலை போல."

"உடம்பு சரியில்லாத மனுஷன். அதைப் போய் மனசுல வச்சுக்காத" என்றேன்.

"இல்லைங்க அண்ணி. கையெடுத்துக் கும்புடாத குறையா சொல்லுது. நான் இருந்தா அதுக்கு டென்ஷன்தான் ஏறும்."

மத்தியானமும் அவர் அதையே சொன்னார். அடுத்த நாள் காலை பஸ்ஸுக்கு அவள் கிளம்பிவிட்டாள். கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். அதற்குக்கூட எனக்குத் தெம்பில்லை. கொடியில் காயப்போட்ட அவளுடைய புடவை ஒன்று அப்படியே கிடந்தது. உதறி மடிக்கும்போது அதில் படிந்திருந்த சாம்பல்தூசி கையெல்லாம் ஒட்டியது. அன்று முழுக்க அவரிடம், மாத்திரை, சாப்பாடு, பாத்ரூம் என்பதைத் தவிர நான் வேறு எதுவும் பேசவில்லை.

அதற்கடுத்த வாரம் பாண்டிச்சேரிக்குப் பேச்சுப் பயிற்சிக்கு அவரைக் காரில் கூட்டிப் போனேன். பயிற்சி கொடுத்த பெண் சின்ன வயசுக்காரர், அவசரப்படாதவர். தோசை, குடை, பஸ் என்று படங்களைக் காட்டிப் பேச வைத்தார். பிறகு அவரிடம், "உங்களுக்கு டீ வேணுமா சார், எனக்கா?" என்று கேட்டார். "யூ டீ" என்றார் இவர். "கையால காட்டுங்க." இவர் இடது கையைத் தூக்கித் தன் நெஞ்சில் வைத்தார்.

"பார்த்தீங்களாம்மா?" என்று அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார். "நான், நீன்னு சொல்ற வார்த்தை அவருக்கு மாறி மாறி விழுது. மனசுல சரியாத்தான் நினைக்கிறார். தமிழ்ல வந்தேன், வந்தாங்கன்னு வினையே ஆளைக் காட்டிடும். இங்கிலீஷ்ல அந்தச் சின்ன வார்த்தையை விட்டா வேற துணை இல்லை. நீங்களா ஊகிக்காதீங்க. யாரைச் சொல்றீங்கன்னு கேளுங்க, கையை வச்சுக் காட்டட்டும்."

எனக்கு அழுகை வரவில்லை. இதை முதல் நாளே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்றுதான் இருந்தது.

திரும்பும் வழி கடலூர், நெல்லிக்குப்பம் என்று வந்தது. முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று ஆடி ஆடிப் போனதால் கார் ஊர்ந்துகொண்டிருந்தது. மேல்பட்டாம்பாக்கம் பஸ் ஸ்டாப் தெரிந்ததும் இவர் கண்ணாடியைத் தட்டினார்.

"யூ கோ. யூ கோ."

"யாருங்க? யாரு போகணும்?" என்று கேட்டேன். "கையை வைங்க."

அவர் கை அவருடைய நெஞ்சுக்குப் போனது. அங்கேயே அழுத்தி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். தங்கை வீட்டுக்குத் தன்னைக் கூட்டிப் போகச் சொல்லித்தான் அன்றைக்கு அவளிடம் அப்படிக் கெஞ்சியிருக்கிறார்.

டிரைவரிடம் வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

நாத்தனாரின் கணவர் கரும்பு விவசாயம் செய்கிறவர். கார் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தார். வயதில் சிறியவர் என்றாலும் தங்கையின் புருஷன் என்பதால் என் கணவர் அவரை "வாங்க மாப்பிள்ளை" என்று கூப்பிடுவாரே தவிர ஒரு நாளும் ஒருமையில் பேசியதில்லை. கதவைத் திறந்து இவரை நான் நிமிர்த்தினேன். மாப்பிள்ளையைப் பார்த்ததும் இவர் வாயிலிருந்து, நோய் வந்த பிறகு முதல் தடவையாக, ஒரு தமிழ்ச் சொல் வந்தது.

"வா" என்றார்.

மாப்பிள்ளையின் முகம் சுருங்கிவிட்டது. இவருக்குத் தமிழ் வந்துவிட்டதே என்று எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், இப்படியா வர வேண்டும் என்று ஒரு பக்கம் சங்கடம். இங்கிலீஷில் கம் என்று மொட்டையாகச் சொன்னால் யாருக்கும் குறையில்லை. தமிழில் வினையை மொட்டையாகச் சொன்னால் அது ஏவல், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. இன்னும் முழுசா பேச வரலை, பாதிதான் வருது" என்றேன். பிறகு அந்தப் பெண் சொன்னதையெல்லாம் அவர்கள் இருவரிடமும் சொன்னேன். யூ கோ என்றால் யார் என்று சொன்னபோது நாத்தனார் அண்ணனின் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவருடைய விழுந்துபோன வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நம்ம வூட்டுக்கு வரணும்னா கேட்டுது? நான் பாட்டுக்கு மூட்டையைக் கட்டிக்கினு வந்துட்டேன் பாருங்க."

அவளுடைய கணவர் உள்ளே போய்க் கயிற்றுக் கட்டிலை எடுத்து வந்து, நிழலில் போட்டார்.

மருந்துப் பை காரிலேயே இருந்தது. எந்த மாத்திரை எப்போது என்று சொல்லிக் கொடுத்தேன். "நீங்க போய் தூங்குங்க அண்ணி. மூஞ்சியைப் பாருங்க" என்றாள் அவள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை மரியாதைக்குச் சொன்னேன். இரண்டாவது தடவை சொல்லவில்லை.

இவரை அவர்களிடம் விட்டுவிட்டு வந்து குவார்ட்டர்ஸில் தனியாக இருந்த அந்த நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தூங்கினேன். எழுந்து ரசம் வைத்தேன், மறுபடி தூங்கினேன். யார் சொன்னது யாரை என்று யோசிக்காமல் இருப்பதே பெரிய ஓய்வாக இருந்தது. பக்கத்து பிளாக்கில் யாரோ யாரையோ திட்டுவது கேட்கும். ஒவ்வொரு வார்த்தையும் அப்படியே புரியும். அதைக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பேன்.

ஒரு காலையில் நாத்தனார் போன் செய்தாள். "அண்ணன் பேசணும்ங்குது."

"யூ கம்" என்றார் இவர்.

"நீங்க வரணுமா, நான் வரணுமா?" என்றேன். "கை எங்க இருக்குன்னு பாரு" என்று, போனை ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்திருந்த நாத்தனாரிடம் சொன்னேன்.

"நெஞ்சுல வைக்கலை அண்ணி. போனைத் தொட்டுத் தொட்டுக் காட்டுது. உங்களைத்தான் வரச் சொல்லுது."

அந்தச் சொல் அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சரியான ஆளுக்குப் போயிருந்தது. பிறகு பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் சொன்னபோது அவர் ரொம்பவும் சந்தோஷப்பட்டார். எனக்கு அந்த நேரத்தில் அப்படியொன்றும் தோன்றவில்லை. இன்னும் இரண்டு நாள் விட்டிருக்கலாமே என்று இருந்தது. எழுந்து, தலையை முடிந்துகொண்டு பஸ் பிடித்தேன்.

போய்ப் பார்த்தால் அவருக்கு முகச் சவரம் செய்து, சுத்தமான பனியன் போட்டு உட்கார வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை எதிரில் குந்தியிருந்தார். "யூ டீ?" என்று கேட்டார் அவர். "யூ டீ" என்றார் இவர். மாப்பிள்ளை என்னைப் பார்த்து, "ஆளுக்கு ஒரு டீன்னு வச்சிக்கிறதும்மா. எப்படிச் சொன்னாலும் சரியாப் போவுது" என்றார். "வா போன்னு சொல்றாரே, வருத்தமில்லையாண்ணே?" என்று கேட்டேன். "முதல் நாள் இருந்துது. தெனம் கேட்டா என்ன இருக்குது" என்றார்.

அன்று சாயங்காலம் வாடகைக் காரில் இவரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். மாதத்தில் ஒரு வாரம் அவர் அங்கே இருப்பது என்று கிளம்பும் முன் பேசி வைத்துக்கொண்டோம்.

இப்போது ஐ என்ற சொல்லும் எப்போதாவது வருகிறது. தமிழில் சாப்பாட்டுப் பெயர்கள் வருகின்றன. வினை இன்னும் மொட்டைதான். அவரைப் பார்க்க வரும் அவருடைய மேலதிகாரியையும் வா, உட்கார் என்கிறார், நான் பின்னாலேயே நின்று வாங்க, உட்காருங்க என்று சேர்த்துக்கொள்கிறேன். பேச்சுப் பயிற்சி தொடர்கிறது. பாண்டிச்சேரி போய் வந்தால் எனக்கு அடுத்த நாளும் இடுப்பு வலிக்கும்.

இந்த மாதம் அங்கே கரும்பு வெட்டு. வீட்டில் ஆள் இருக்காது, அண்ணனை அடுத்த மாதம் அனுப்புங்கள் அண்ணி என்று நேற்று நாத்தனார் போனில் சொன்னாள். சரி என்றேன்.