மாமா திரும்பாத கருட சேவை

என் தாய்மாமன் போலீசில் சேர்ந்த வருஷமே அவரைக் கருட சேவைக் காவலுக்குப் போட்டார்கள். குழந்தை பிறந்தால் கருட சேவையன்று கோபுர வாசலில் வந்து சேவிக்கிறேன் என்று வரதராஜருக்கு அவர் வேண்டிக்கொண்டிருந்தார். தை மாதம் பெண் பிறந்தது. "எல்லாரும் முண்டியடிச்சிக்கினு நிப்பாங்க, எனக்கு முன்வரிசை" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சேவைக்கு இரண்டு நாள் முன்பு முகம் வாடி வந்தார். சுவாமிக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்துத்தான் நிற்கவேண்டுமாம். திரும்பினவன் சிவப்புத் தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம் என்று சார்ஜன்ட் துரை உத்தரவாம்.

சீமையில் துரையின் சின்ன ஊருக்கென்றே தனிப் போலீஸ் இருந்ததாம். ஊர்ச் சபையே ஆள் எடுத்துச் சம்பளம் கொடுக்குமாம். பிறகு சர்க்கார் அதைக் கலைத்து ஜில்லா போலீசோடு சேர்த்துவிட, துரை மனம் ஒப்பாமல் கப்பலேறிவிட்டார். அந்த ஊர்ப் பேர் பொறித்த பழைய பித்தளைப் பொத்தானை இன்னும் சட்டைப்பையில் வைத்திருக்கிறாராம்.

"அவங்க ஊருக்கு ராணி வந்தப்பவே இப்படித்தான் நின்னாங்களாம். அப்போ நீங்க ராணியைப் பாக்கவே இல்லியான்னு கேட்டேன். இல்லைன்னாரு. அதைச் சொல்றப்ப இன்னா பெருமை அவருக்கு" என்றார் மாமா.

"ராணிக்குக் காட்டலாம்பா முதுகை. பெருமாளுக்குக் காட்டலாமா? பேசாம வந்து தறியில உக்காரு" என்றார் அப்பா. மாமா பெல்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

விடியற்காலை. நான் அப்பாவின் தோளில் இருந்தேன். கருடன் மேல் பெருமாள் வாசலுக்கு வந்தார். எல்லார் கையும் தலைக்கு மேல் போயிற்று. எங்களுக்கு நேர் எதிரே மாமா மட்டும் தடியைப் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். "மாமா, திரும்பு மாமா" என்று கத்தினேன். திரும்பவில்லை.

அப்போது குடைகளைச் சாய்த்துப் பெருமாளைக் கொஞ்ச நேரம் மறைத்தார்கள்.

"பெருமாள் எங்கம்மா போயிட்டாரு?" என்று பக்கத்தில் நின்ற அம்மாவைக் கேட்டேன்.

"வர முடியாம ஏங்கிக்கினு இருந்தாரு ஒரு பக்தர், சோளிங்கர்ல. அவருக்குச் சேவை குடுக்கப் போயிருக்காரு கண்ணு."

சோளிங்கர் எவ்வளவு தூரம் என்று கேட்டுக்கொண்டே மாமாவைப் பார்த்தேன். அவர் கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. வேர்வை என்று நினைத்தேன், வைகாசி மாதம்.

மத்தியானம் வந்து தலைப்பாகையைக் கழற்றினார். நெற்றியில் நாமம் கலைந்திருந்தது.

"நீ பெருமாளைச் சேவிக்கவே இல்ல" என்றேன்.

"சேவிச்சேனேமா. நல்லாச் சேவிச்சேன்."

உள்ளே ஓடி, போலீஸ்காரர் பொய் சொல்லலாமா என்று அம்மாவிடம் கோள் சொன்னேன். அம்மா சாதம் வடித்தபடியே சோளிங்கர் பக்தரின் கதையை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். நான் கேட்பது மாமாவைப் பற்றி, இவள் யார் கதையையோ சொல்கிறாளே என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது.