செலாயாங் என்று ஒருவர்

பிரிக்ஃபீல்ட்ஸில் ஆங்கில டியூஷன் நடத்துகிறேன். மாணவர்கள் தடுமாறும் சொற்கள்தான் எனக்குப் பிடித்தவை. ‘அலூட்’ அதில் ஒன்று. பெயரைச் சொல்லாமல் ஒன்றைச் சுட்டிப் பேசுவது. பெயரைச் சொல்லிவிட்டால் அதற்கு வேறு சொல் இருக்கிறது. கேட்பவருக்கும் சங்கதி தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பேச்சு வீண். லத்தீனில் விளையாடுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் கேலி செய்வதற்கும் அதையே சொல்லியிருக்கிறார்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதையெல்லாம் சொல்வேன்.

போன வருடம் அந்தச் சொல் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டது. நாற்பதைத் தாண்டிய என் தங்கை, அம்மாவோடு பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியில் இருக்கிறாள். செலாயாங் என்ற ஊரின் பாசாரில், அதாவது சந்தையில், காய்கறி மொத்த வியாபாரம் செய்யும் ஒருவரை மணக்க விரும்பினாள். ஆனால் அம்மா சம்மதிக்காமல் கல்யாணத்தைப் பதிவு செய்யமாட்டேன் என்று அவரிடம் சொல்லிவிட்டாள். அம்மாவோ பிடி கொடுக்கவில்லை. அடையாள அட்டையில் இருப்பதுபோல் அவர் பெயரை அப்பா பெயரோடு சேர்த்து முழுசாகச் சொல்லி, “அவருக்கு என்ன அவசரமாம்?” என்பார்.

ஒரு சனிக்கிழமை தங்கை போன் செய்தாள். குரலிலேயே அழுதது தெரிந்தது.

“அம்மா இப்போ அவர் பேரக்கூட சொல்றதில்லக்கா. ‘செலாயாங் சாப்பிட்டாச்சா?’ ‘செலாயாங் இன்னிக்குப் போன் பண்ணலியா?’ன்னு கேக்குறாங்க. பாசார்காரர்னு கிண்டல் பண்றாங்க. போதும்லா. இது வேணாம்னு அவருக்கு மெசேஜ் எழுதி வச்சிட்டேன்.”

“அனுப்பாத. நான் வரேன்.”

சுபாங் ஜெயாவில் இருக்கும் என் வீட்டிலிருந்து காரை எடுத்தபோது எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. அப்பாவின் பெயரை அம்மா உச்சரித்து நாங்கள் கேட்டதே கிடையாது. ரயில்வேயில் வேலை பார்த்தவர் என்பதால் அவர் ‘ரயில்வே’. என் கணவர் ‘சுபாங்’. பெயர் சொல்லி அம்மா குறிப்பிடுவது வெளியாட்களை மட்டும்தான். வீட்டு ஆண்களுக்கு ஊரோ வேலையோ போதும். இதில் கேலி இல்லையென்று சொல்லமாட்டேன், நிறையவே உண்டு. ஆனால் வேண்டாதவர்களிடம் அம்மா விளையாடமாட்டார். அதே வீட்டில் வளர்ந்தவளுக்கு இது எப்படிப் புரியாமல் போனது என்று எனக்குக் கோபமே வந்தது. பயந்து கிடந்தாள், அதனால் காதில் ஏறவில்லை. போகும் வழியெல்லாம் அவளை நினைத்துப் பாவமாகவும் இருந்தது.

அம்மா சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். தங்கை போனைக் கையில் பிடித்தபடி வாசற்படியில் நின்றாள். நான் சுற்றி வளைக்கவில்லை.

“செலாயாங் விஷயம் என்னம்மா?”

அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “நாளைக்கு மத்தியானம் சுபாங்கையும் வரச் சொல்லு. ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் மீனு வாங்கியிருக்கேன். செலாயாங்குக்கு முள்ளெடுத்துச் சாப்பிடத் தெரியுமான்னு காலையில இவகிட்ட கேட்டேன். பதில் சொல்லாம மூஞ்சத் தூக்கிட்டுப் போயிட்டா.”

தங்கை என்னைப் பார்த்தாள். அவள் போனில் எழுதி வைத்திருந்ததை அழித்தாள்.

“தெரியும்மா,” என்றாள். “செலாயாங்குக்கு நல்லாவே தெரியும்.”