கல்யாண வண்டி என்று விட்டுவிட்ட பஸ்

அருமனையில், ஸ்டிக்கரில் எழுத்து வெட்டி ஒட்டித் தரும் ஜாஸ்மியின் கடைக்கும் என் செருப்புக் கடைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அங்கே பேசுவதெல்லாம் இங்கே கேட்கும். அதற்காக என்னை ஒட்டுக்கேட்பவன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஜாஸ்மிக்கு பிரஷ் எழுத்து என்றால் உயிர். தூரிகையால் ஒரே வீச்சில் எழுதியதுபோல் சற்றே சாய்ந்து, தொடக்கத்தில் தடித்து, முடிவில் பெயிண்ட் தீர்ந்து கீறலாக ஓடுமே, அந்த எழுத்து. கல்யாணக் கார்டில் பெண் மாப்பிள்ளை பெயருக்கும் பேக்கரிப் பலகைக்கும் அதை அடித்துக்கொள்ள வேறு எழுத்து கிடையாது. ஆனால் இவள் போன் நம்பரைக்கூட அதில்தான் வெட்டுவாள். சொன்னால் முறைப்பாள்.

அவள் அம்மா பூங்கனிக்கு முந்திரி உடைக்கும் அண்டியாபீஸில் வேலை. மகள் பரீட்சை எழுதி அரசாங்க வேலைக்குப் போக வேண்டும் என்பது அவர் ஆசை. கடையை நடத்திப் பார்க்க ஒரு வருடம்தான் தவணை கொடுத்திருந்தார்; பிறகு மூடிவிட்டுப் படிக்க வேண்டும். அது முடிய இரண்டே வாரம் இருக்கும்போது தேவகுமார் தன் புது மினி பஸ்ஸுக்கு எழுத்து ஒட்டச் சொன்னார். ஜாஸ்மி அம்மாவிடம் மூச்சு விடவில்லை. அம்மா தினமும் சிதறாலிலிருந்து அருமனைக்கு வேலைக்கு வருகிற தடம்தான், தானே பார்த்து அசரட்டும் என்று நினைத்தாள். முகப்பில் ‘அஜிதா’ என்று பஸ்ஸின் பெயர், அதன் கீழே ‘அருமனை’ என்று போகும் ஊர். இரண்டுமே பிரஷ் எழுத்தில்.

மறுநாள் காலை பத்து மணிக்கு பூங்கனி வியர்த்து விறுவிறுத்துக் கடைக்கு வந்தார்.

“சிதறால்ல நின்னு நின்னு காலு கழண்டு போச்சு, மக்களே. புதுசா ஒரு பஸ்ஸு விட்டிருக்கினும். கோழி கிளறுன மாதிரி எழுத்து. கல்யாண வண்டியாக்கும்னு நாங்க பத்துப் பேரும் கையே காட்டல்ல. அது பாட்டுக்குப் போயிட்டு.”

“பொறவு?”

“நடந்துதான் வந்தேன். நேரம் போச்சு, இனி ஆபீஸ்ல ஏத்தமாட்டினும். அதை எழுதினவன் மட்டும் என் கையில கெடச்சா இருக்கு.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

அன்று சாயங்காலம் பஸ் வந்து நின்றதும் ஜாஸ்மி ஏணியோடு போனாள். பெயரைத் தொடவில்லை. ‘அருமனை’யை மட்டும் உரித்தெடுத்துவிட்டு, மஞ்சள் பட்டையில் கறுப்பாக, நேராக நிற்கும் தடித்த எழுத்தில் ஒட்டினாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் ஒட்டினாள்.

அடுத்த நாள் வேலை முடிந்து வந்த பூங்கனி வாசலிலேயே தொடங்கினார்.

“இன்னைக்கு பஸ்ஸு வளைவு திரும்பும்பமே ஊர்ப்பேரைப் படிச்சிட்டேன். கண்ணாடிகூட போடல்ல. எழுதினவனுக்குப் புத்தி உண்டு.”

“அது நான்தாம்மா.”

“அப்ப நேத்தைக்கு?”

“அதும் நான்தான்.”

பிறகு ஸ்டூலை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

“ஏட்டி, மேல சாஞ்சு நிக்குத அந்தப் பேரு?”

“அதையும் மாத்தணுமா?”

“வேண்டாம், அது கெடக்கட்டு. பாக்க நல்லாத்தான் இருக்கு.” பூங்கனி சற்று நிறுத்தினார். “கடையும் கெடக்கட்டு” என்றார்.