கைதட்டினால் சம்மதமா?

மறியல், கோஷம் எல்லாம் எனக்கு ஆகாது. எதுவானாலும் நிதானமாக, சட்டப்படி, கேட்டுச் செய்ய வேண்டும் என்கிற பழைய புத்தி எனக்கு. அரசாங்கமே வேண்டாம் என்று சொல்ல நான் என்ன பைத்தியக்காரியா? ஆனால் எந்தச் சட்டத்தைக் காட்டி என்னிடம் வரி கேட்கிறதோ, அந்தச் சட்டத்துக்கு அதுவும் கட்டுப்பட வேண்டும். முன்னோர் விட்டுப்போன மண்ணில் கைவைப்பதற்கு முன்னால் வாய்விட்டுக் கேட்க வேண்டும். இதை வீட்டில் ஆயிரம் தடவை பேசியிருப்பேன். "ஏட்டி, பேப்பரை மடிச்சு வச்சிட்டுச் சோத்தைப் போடு" என்பார் என் வீட்டுக்காரர். வீட்டுக்குள் பேச என்ன பயம்?

நாங்கள் குடியிருப்பது சங்கரன்கோவிலில். நிலமும் ஓட்டுரிமையும் குருவிகுளம் போகிற வழியில், அவருடைய கிராமத்தில். மானாவாரிக் கரிசல். மழை பெய்தால் உளுந்து, பெய்யாவிட்டால் வெறும் வெடிப்புதான். அவர் அப்பா விட்டுப்போன சொத்து அது ஒன்றுதான். அதையும் சேர்த்துத் தொழிற்பேட்டைக்கு எடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, போன வருஷம் கிராமசபைக் கூட்டத்துக்குப் போனோம்.

கோயிலுக்கு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். ஓரத்தில் இரண்டு போலீஸ்காரர்கள். பார்த்ததுமே அவர்களை விட்டு எட்டப் போய் உட்கார்ந்தேன். வெளியூரிலிருந்து வந்த அதிகாரி, வேலை வரும், ரோடு வரும் என்று அருமையாகப் பேசினார். சம்மதமா என்று மட்டும் கேட்கவில்லை. பேசி முடித்ததும் எல்லாரும் கைதட்டினோம். ஊருக்கு வந்தவர் பேசி முடித்தால் தட்டிவிட வேண்டும், இல்லையென்றால் மரியாதைக்குறைவு என்பது அந்த ஊர் வழக்கம். நானும்தான் தட்டினேன். சத்தம் ஓய்வதற்குள் பஞ்சாயத்துத் தலைவர் மைக்கை வாங்கி, "நெலம் குடுக்க ஊருக்கே சம்மதம். தீர்மானம் ஒருமனதா நிறைவேறிட்டு" என்றார்.

அட பாவி மனுஷா! யாராவது எழுந்திருப்பார்கள் என்று சுற்றிலும் பார்த்தேன். எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எப்படி எழுந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

"சார், நாங்க தட்டினது வந்தவகளுக்கு மரியாதை. நெலத்துக்கு இல்ல. எங்களைக் கேட்டுட்டு எழுதுங்க. சட்டம் அப்படித்தான சொல்லுது?"

"மதினி, சார்ட்ட இப்படியா பேசுதது?" என்றார் தலைவர்.

"நமக்கு எதுக்கு வம்பு? உக்காருட்டி" என்று வீட்டுக்காரர் என் சேலையைப் பிடித்து இழுத்தார்.

அதிகாரி கோபப்படவில்லை. மெதுவாக, "உங்க பேர் என்னம்மா?" என்றார். அவ்வளவுதான், எனக்கு உயிரே போய்விட்டது. போலீஸ்காரர்களில் ஒருவர் திரும்பி என்னைப் பார்த்தார். அப்போதுதான் சேலையை இழுத்த மனுஷன் எழுந்து நின்றார்.

"நெலம் என் பேர்ல இருக்கு சார். என் பேரை எழுதிக்கிடுங்க."

எனக்கு எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வந்தது. "பேசினது நான். என் பேரையும் எழுதுங்க!" என்று கத்திவிட்டேன்.

இரண்டு பெயரையும் எழுதிக்கொண்டு, சம்மதிக்கிறவர்கள் கையைத் தூக்கலாம் என்றார் அதிகாரி. ஒருவரும் தூக்கவில்லை. எதிர்க்கிறவர்கள் என்றார். நாங்கள் இரண்டு பேர் மட்டும் தூக்கினோம். மற்றவர்களுக்கு இந்தப் பக்கமும் பயம், அந்தப் பக்கமும் பயம். "சரி, அடுத்த கூட்டத்துல பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு அதிகாரி வண்டியில் ஏறிப் போனார்.

சட்டப்படி பார்த்தால் அன்றைக்கு ஜெயித்தது நாங்கள்தான். பஸ்ஸில் வரும்போது பின்னால் போலீஸ் ஜீப் வருகிறதா என்று அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார், நானும் பார்த்தேன். மறுநாள் விடிந்ததும் பால்காரர் காலிங் பெல்லை அழுத்தினார். தினமும் அதே நேரத்துக்கு வருகிறவர்தான். நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். கதவைத் திறக்க யாரும் எழுந்திருக்கவில்லை.